அம்மாவின் பத்து விரல்கள்

அம்மாவின் விரல்களில் ரேகை இல்லை என்று எங்களுக்கு முதலில் சொன்னவர் ரேஷன் கடைக்காரர். புதிதாக வந்திருந்த மிஷினில் அம்மா கட்டைவிரலை வைத்தாள், எடுத்தாள், முந்தானையில் துடைத்து மறுபடி வைத்தாள். மிஷின் மசியவில்லை. பின்னால் நின்றவர்கள் முணுமுணுக்க ஆரம்பித்ததும் அவர், "உங்கையில ஒண்ணுமே இல்லம்மா, வழவழன்னு கீது. பையன அனுப்பு" என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அரிசி, பருப்பு வாங்கப் போவது என் வேலையாயிற்று. அதை வைத்துக் கொஞ்ச நாள் அம்மாவைக் கேலி செய்துகொண்டிருந்தேன். நீ எங்கே திருடினாலும் போலீசால் கண்டுபிடிக்க முடியாது என்பேன். "திருடறதுக்கு இங்க எவன் ஊட்ல இன்னா கீது?" என்பாள்.

அம்மா வேலை செய்தது கும்மிடிப்பூண்டிக்கு வெளியே இருந்த ஓர் இறால் கம்பெனியில். காலையில் வேன் வந்து எங்கள் காலனிப் பெண்களை அள்ளிக்கொண்டு போகும். ஆண்களில் பாதிப் பேர் சிப்காட்டில் இரும்பு ஆலைகளில் இருந்தோம். நான் ரோலிங் மில்லில். சாயங்காலம் நான் கரியோடு வருவேன், அவள் கவிச்சியோடு வருவாள். இருவரில் யார் முதலில் குளிப்பது என்பதுதான் எங்கள் வீட்டில் தினமும் நடக்கும் பஞ்சாயத்து. அப்பா நாங்கள் சின்னப் பிள்ளைகளாக இருக்கும்போதே போய்விட்டதால் தீர்ப்பு சொல்ல ஆள் கிடையாது.

இறால் உரிப்பதில் ஒரு விஷயம் இருக்கிறது. கம்பெனியில் கையுறை கொடுப்பார்கள். ஆனால் கையுறை போட்ட விரலால் இறாலின் முதுகில் ஓடும் கறுப்புக் குடலை உருவ முடியாது, அதற்கு நகம் வேண்டும். உரித்த எடைக்குத்தான் கூலி என்பதால் பெண்கள் எல்லோரும் கையுறையின் விரல் நுனிகளைக் கத்தரித்துவிட்டுத்தான் மாட்டிக்கொள்வார்கள். வெளியிலிருந்து யாராவது பார்வையிட வரும் நாளில் மட்டும் புதுக் கையுறை. மற்ற நாளெல்லாம் உள்ளங்கை பத்திரமாக இருக்கும், பத்து விரல் நுனியும் ஐஸிலும் குளோரின் தண்ணீரிலும் ஊறும். நகக்கண்ணில் புண் வரும். ஆறும், திரும்ப வரும். அதை யாரும் ஒரு நோயாக நினைத்ததில்லை. இருமல் மாதிரி, அது பாட்டுக்கு இருந்தது.

அந்த விரல்களை வைத்துத்தான் என் தங்கையை நர்சிங் படிக்க வைத்தாள். தங்கை படிப்பில் கெட்டி. ஆங்கிலப் பரீட்சை எழுதி இங்கிலாந்தில் ஓர் ஆஸ்பத்திரியில் வேலை வாங்கிக்கொண்டு போனாள். அவள் இருந்த ஊர் லண்டனிலிருந்து வெகு தூரம் என்று எத்தனையோ தடவை சொல்லியும் காலனியில் யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. எல்லோருக்கும் அவள் லண்டன் நர்ஸ்தான். கல்யாணம் வேண்டாம், முதலில் வீட்டுக்குத் தளம் போடணும் என்று இரண்டு வருஷமாகத் தள்ளிக்கொண்டிருந்தாள். ஒரு மலையாள நர்சும் அவளும் சேர்ந்து வாடகை வீட்டில் இருந்தார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து வந்து நாஷ்டா சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். தங்கையிடமிருந்து வீடியோ கால் வந்தது. அம்மாவிடம் எப்போதும் போலப் பேசிவிட்டு, "ண்ணா, போன எடுத்துக்கினு வெளிய வா" என்றாள். நான் குழாயடிப் பக்கம் போனேன். தனக்குக் கணையத்தில் கட்டி, கல்லீரலுக்குப் பரவிவிட்டது, ஆபரேஷன் பண்ணுகிற கட்டம் தாண்டிவிட்டது என்றாள். ஷிஃப்ட் முடிகிற நர்ஸ் அடுத்து வருகிற நர்சிடம் நோயாளியைப் பற்றிச் சொல்வது மாதிரி, ஒன்றன்பின் ஒன்றாகச் சொன்னாள். எனக்குக் கோபம்தான் வந்தது. இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று கத்தினேன். கத்தி முடிக்கும்வரை காத்திருந்துவிட்டு, "அம்மாவ அனுப்புண்ணா. சீக்கிரம் அனுப்பு" என்றாள்.

"நானும் வர்றேன்."

"நீ வந்தா உக்காந்து அழுவ. அம்மா வந்தா சமைக்கும்."

அவள் கேட்டது அது ஒன்றுதான். பேச முடிகிறபோதே, சாப்பிட முடிகிறபோதே அம்மா பக்கத்தில் இருக்க வேண்டும். அதற்கு எத்தனை நாள் மிச்சம் இருக்கிறது என்று அவளுக்குத் தெரிந்திருக்கும், நர்ஸ் அல்லவா. எங்களிடம் சொல்லவில்லை. அம்மாவிடம் நான் உண்மையைச் சொன்னேன்.  அவள் போனை வாங்கி, "வலிக்குதா பாப்பா?" என்று மட்டும் கேட்டாள்.

அம்மாவிடம் பாஸ்போர்ட் இருந்தது. தங்கைதான் போன வருஷம் ஊருக்கு வந்தபோது, ஒரு தடவை வந்து என் ஊரைப் பார் என்று சொல்லி எடுத்துக் கொடுத்துவிட்டுப் போயிருந்தாள். விசாவுக்கு பஜாரில் ஒரு பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து விண்ணப்பித்தோம். ஆஸ்பத்திரி டாக்டர் கொடுத்த கடிதத்தையும் தங்கையின் வேலைக் காகிதங்களையும் அந்த மலையாளப் பெண் அனுப்பியிருந்தாள். கேள்விகள் வந்துகொண்டே இருந்தன. போர்க் குற்றம் எதிலாவது ஈடுபட்டதுண்டா என்று ஒரு கேள்வி. நான் அம்மாவைத் திரும்பிப் பார்த்தேன். சர்ச்சுக்குப் போகிற புடவையைக் கட்டிக்கொண்டு, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, பிளாஸ்டிக் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தாள். இல்லை என்று போட்டேன்.

எல்லாம் முடிந்த பிறகு சென்னைக்கு நேரில் வந்து பத்து விரல் ரேகையும் போட்டோவும் கொடுக்க வேண்டும் என்று வந்தது. அப்போதுதான் எனக்கு ரேஷன் கடை ஞாபகம் வந்தது. சென்டர் வைத்திருந்தவரைக் கேட்டேன். கொஞ்ச நாள் தண்ணீரில் கை வைக்காமல் இருந்தால் ரேகை திரும்ப வரும், கொத்தனார்களுக்கெல்லாம் அப்படித்தான் வருகிறது என்றார். அன்றைக்கே அம்மாவை வேலையிலிருந்து நிறுத்தினேன். பாத்திரம் நான் கழுவினேன், துணி நான் துவைத்தேன். அம்மா கையைத் தேங்காய் எண்ணெயில் நனைத்துக்கொண்டு வாசலைப் பார்த்தபடி இருந்தாள். சும்மா இருந்து பழக்கமில்லாத ஆள். "கை ரெண்டும் யாரோடதோ மாதிரி கீதுடா" என்றாள்.

தோல் மெதுவாகத் தேறி வந்தது. ஆனால் நகக்கண் புண் மட்டும் ஆறவில்லை. அதில்தான் வந்தது வினை.

இறால் கம்பெனிப் பெண்கள் அந்தப் புண்ணுக்கு மருதாணிதான் வைப்பார்கள். இலையை மைய அரைத்து, பத்து விரல் நுனியிலும் தொப்பி மாதிரி அப்பி, துணி சுற்றிக்கொண்டு படுப்பார்கள். காலையில் எரிச்சல் அடங்கியிருக்கும். அழகுக்காக வைக்கிற விஷயமே இல்லை அது. எங்கள் காலனியில் கல்யாணப் பெண்ணின் விரலும் சிவந்திருக்கும், பேரன் பேத்தி எடுத்த கிழவியின் விரலும் சிவந்திருக்கும். யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். அம்மாவோடு பக்கத்து மேஜையில் உரிக்கிற ஒருத்தி, நான் அத்தை என்று கூப்பிடுகிறவள், ஊருக்குப் போவதற்குள் புண் ஆறட்டும் என்று இலை பறித்து அரைத்துக்கொண்டு வந்து அவளே வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். அது விசா மையத்துக்குப் போவதற்கு முந்தின நாள். நான் வேலைக்குப் போயிருந்தேன். காலையில் ரயிலில்தான் அம்மாவின் விரல்களைப் பார்த்தேன். பத்தும் செக்கச் செவேலென்று இருந்தன. புண் வற்றியிருந்தது. அப்பாடா, பரவாயில்லையே என்றுதான் எனக்கும் தோன்றியது.

விசா மையத்தில் ஏசி அதிகம். அம்மா முந்தானையைப் போர்த்திக்கொண்டாள். டோக்கன் எண் வந்ததும், வயதானவள், மொழி தெரியாது என்று சொல்லி நானும் கூடப் போனேன். மிஷினுக்குப் பின்னால் இருந்த இளம்பெண் அம்மாவின் கையைப் பார்த்ததும் நிமிர்ந்தாள்.

"சார், அம்மா மெஹந்தி போட்டிருக்காங்க."

"மருதாணிங்க. புண்ணுக்கு வெச்சது."

"எதுக்கு வெச்சிருந்தாலும் விரல் நுனில கலர் இருந்தா நாங்க எடுக்கக் கூடாது சார். ரிஜெக்ட் ஆயிடும். முழுசா போனதும் வேற அப்பாயின்ட்மென்ட் போட்டுட்டு வாங்க."

நான் டாக்டர் கடிதத்தை எடுத்து வைத்தேன். அவள் படித்தாள். படித்தது அவள் முகத்தில் தெரிந்தது. எழுந்துபோய் உள்ளே யாரையோ கேட்டுவிட்டு வந்தாள். "ஸாரி சார்" என்றாள். நான் குரலை உயர்த்தினேன். காவலாளி பக்கத்தில் வந்து நின்றார். பெற்ற பெண் சாகக் கிடக்கிறாள், இலையை அரைத்து வைத்தது ஒரு குற்றமா என்று கேட்டேன்.  அம்மா இரண்டு கைகளையும் மேஜைமேல் விரித்து வைத்தபடியே இருந்தாள், எடுத்துக்கொள்ளலாம் என்று யாராவது சொல்ல வேண்டும் போல.

  திரும்பி வருகிற ரயிலில், மீஞ்சூர் தாண்டியதும் அம்மா விரலை எச்சில் தொட்டு முந்தானையில் தேய்க்க ஆரம்பித்தாள். கும்மிடிப்பூண்டி வரும்வரை தேய்த்தாள்.

இறங்கியதும் நேராக அத்தை வீட்டுக்குப் போனேன். வாயில் வந்ததை எல்லாம் பேசிவிடுவது என்றுதான் போனேன். வேன் அப்போதுதான் வந்திருந்தது. பெண்கள் இறங்கிக் குழாயடியில் கை கால் கழுவிக்கொண்டிருந்தார்கள். அத்தை திரும்பி, "இன்னா நைனா, ரேக வுழுந்துச்சா?" என்று கேட்டாள். நான் நடந்ததைச் சொன்னேன். அவள் அப்படியே நின்றுவிட்டாள். "புண்ணு ஆறட்டும்னுதான வெச்சேன்" என்றாள். அவள் விரலும் சிவப்பு, பக்கத்தில் நின்றவள் விரலும் சிவப்பு. குழாயைச் சுற்றி நின்ற எல்லா விரல் நுனிகளும் சிவப்பு. யாரைப் போய்த் திட்டுவது? வீட்டுக்கு வந்துவிட்டேன். மறுநாள் அத்தை, என் மருதாணியால் வந்த பாவம் என்று சொல்லி, அம்மா விசா வாங்கி மகளைப் பார்த்துவிட்டால் பெரியபாளையத்து அம்மன் கோயிலில் வேப்பஞ்சேலை கட்டி வலம் வருவதாக வேண்டிக்கொண்டாள். நாங்கள் வேதக்காரர்கள். அம்மா அவள் கையைப் பிடித்து, "உங்க ஆத்தாவாவது பாக்கட்டும்" என்றாள்.

தங்கையிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. எப்போது கிளம்புகிறாள் என்று அவள் தினமும் கேட்டுக்கொண்டிருந்தாள். சொன்னேன்.  "காட்டும்மா" என்றாள். அம்மா பத்து விரலையும் கேமரா முன்னால் பிடித்தாள். தங்கை சிரித்தாள். அந்த நோயில் அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். "இன்னாமா இப்டி செவந்துக்குது. எனக்கு வெச்சா ஒருநாளும் இப்டி செவந்ததில்ல" என்றாள். சிரிப்பு வலியில் முடிந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். மலையாளப் பெண் வந்து போனை வாங்கிக்கொண்டாள். எனக்கு யார்மேல் கோபப்படுவது என்றே தெரியவில்லை. சிரிக்கிறாளே என்று அவள்மேல்கூடக் கோபம் வந்தது.

மருதாணி போவதற்குப் பத்துப் பன்னிரண்டு நாளாகும் என்றார்கள். அத்தனை நாளை எங்கே போய்க் கடன் வாங்குவது? அம்மா எலுமிச்சம்பழம் தேய்த்தாள். சோடா மாவு தேய்த்தாள். தேங்காய் நாரால் தேய்த்தாள். சிவப்பு வெளிறி ஆரஞ்சானதே தவிரப் போகவில்லை. புது அப்பாயின்ட்மென்ட் கிடைத்திருந்தது. அதற்கு இரண்டு நாள் முன்பு நான் மில்லிலிருந்து வந்தபோது அம்மா வீட்டில் இல்லை. வேன் வந்தபோது அதிலிருந்து இறங்கினாள்.

"வேலைக்கா போன?" என்று கேட்டேன்.

"வேலைக்குப் போவல. குளோரின் தண்ணில கைய வெச்சிக்கினு குந்திக்கினு இருந்தேன். பாரு, போய்டுச்சி."

கையைக் காட்டினாள். சிவப்பு உண்மையிலேயே போயிருந்தது. மருதாணியோடு தோலும் போயிருந்தது. தொட்டி கழுவுவதற்குக் குளோரினைக் கெட்டியாகக் கலந்து வைத்திருக்கும் தண்ணீரில் பகல் முழுக்கக் கை வைத்திருந்திருக்கிறாள். விரல் நுனிகள் வெளுத்து, உப்பி, சில இடத்தில் உரிந்து உள்சதை தெரிந்தது. நான் தலையில் அடித்துக்கொண்டேன். வேலையை நிறுத்தி, பாத்திரம் கழுவி, எண்ணெய் போட்டுத் தேற்றியது எல்லாம் ஒரே பகலில் போயிற்று. "கலருதான வேணாம்னு சொன்னாங்க" என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு அவளும் அழ ஆரம்பித்தாள். கண்ணீரைத் துடைக்கக்கூட அவளால் விரலை உபயோகிக்க முடியவில்லை, புறங்கையால் துடைத்துக்கொண்டாள்.

இரண்டாவது தடவை மிஷினில் இருந்தவர் ஒரு நடுவயது அம்மாள். பொறுமைசாலி. மிஷினின் கண்ணாடியைத் துடைத்தார், அம்மாவின் விரல்களை ஈரத்துணியால் ஒற்றினார், ஒவ்வொன்றாக வைத்து மேலிருந்து தன் கையால் அழுத்தினார். அழுத்தும்போது அம்மா பல்லைக் கடித்தது எனக்குக் கேட்டது. அடுத்த மேஜைத் திரையில் யாருடைய விரலோ வரிவரியாக அழகாக விழுந்துகொண்டிருந்தது. அம்மாவுக்கு வெள்ளைத் திட்டுகள்தான் விழுந்தன. மிஷின் சிவப்பு விளக்கைக் காட்டியது. திரும்பத் திரும்பக் காட்டியது.

"என்ன வேலைம்மா செய்றீங்க?" என்று அந்த அம்மாள் கேட்டார்.

"எறா உரிக்கிறேன்."

"எங்க போகுது அந்த எறால்லாம்?"

"லண்டனுக்குத்தான் போவுதுன்னு சொல்றாங்க" என்றாள் அம்மா.

அவர் சும்மா பேச்சுக் கொடுத்திருப்பார். எனக்குத்தான் நெஞ்சு எரிந்தது. அவள் உரித்த இறால் யாரையும் கேட்காமல் வாரா வாரம் போய்க்கொண்டிருந்தது. உரித்தவள் இங்கே மிஷினிடம் கெஞ்சிக்கொண்டிருந்தாள்.

கடைசியில், ரேகை எடுக்க முடியவில்லை என்று குறிப்பு எழுதி அப்படியே அனுப்பலாம், மேலே இருப்பவர்கள் பார்த்து முடிவு செய்வார்கள், ஆனால் கூடுதலாக நாளாகும் என்றார்கள். இல்லையென்றால் கை ஆறியதும் மறுபடி வரலாம். அனுப்புங்கள் என்றேன். வேறு என்ன சொல்ல?

அதற்குப் பிறகு காத்திருப்பதுதான் வேலை. மில்லில் சூட்டுக் கம்பி முன்னால் நிற்கும்போது போனை லாக்கரில் வைத்துவிட வேண்டும். இடைவேளையில் ஓடிப்போய்ப் பார்ப்பேன். ஒன்றும் வந்திருக்காது. தங்கையின் பேச்சு நாளுக்கு நாள் குறைந்தது. முதலில் உட்கார்ந்து பேசினாள், பிறகு படுத்துக்கொண்டு பேசினாள். ஆஸ்பத்திரியில் சேர்த்த பிறகு மலையாளப் பெண் போனைப் பிடித்துக்கொள்ள, நாங்கள் பேச, அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் வேலை செய்த அதே ஆஸ்பத்திரிதான். கூட வேலை செய்தவர்களே பார்த்துக்கொண்டார்கள். ஒருநாள் மருந்து மயக்கத்தில் அந்தப் பெண்ணையே அம்மா என்று நினைத்துக்கொண்டு, "வந்துட்டியா, எப்போ வந்த?" என்று கேட்டிருக்கிறாள். அந்தப் பெண் அழுதுகொண்டே என்னிடம் சொன்னாள். "நான் வந்துட்டேன்னு சொல்லிட்டேன் சேட்டா. தப்பா?" என்று கேட்டாள். தப்பில்லை என்றேன். அம்மாவிடம் இதைச் சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை.

விசா வந்தது. கொடுக்க மாட்டார்கள் என்று காலனியே சொல்லிக்கொண்டிருந்தது, கொடுத்துவிட்டார்கள். அத்தை ஓடிவந்து அம்மாவைக் கட்டிக்கொண்டாள். டிக்கெட் போட்டோம். அம்மா நெத்திலிக் கருவாடு, பூண்டு ஊறுகாய், மிளகாய்த் தூள் என்று பையை நிறைத்தாள். தங்கைக்கு அப்போது தண்ணீரே இறங்கவில்லை. அது அவளுக்குத் தெரியும். தெரிந்தும் கட்டினாள். விமானத்துக்கு இன்னும் இரண்டு நாள் இருந்தது.

அன்று மதியம் மலையாளப் பெண் கூப்பிட்டாள். அவள் வாயைத் திறக்கும் முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது.

காலனி முழுக்க எங்கள் வீட்டில் வந்து உட்கார்ந்தது. உடலை இங்கே அனுப்பிவைக்க அங்கே ஏற்பாடு செய்வார்கள், கொஞ்ச நாளாகும் என்று தகவல் வந்தது. எனவே அம்மா போக வேண்டியதில்லை என்று எல்லோருக்கும் தோன்றியது. எனக்கும்தான். டிக்கெட்டை ரத்து செய்யப் போனை எடுத்தேன். அதுவரை படுத்துக் கிடந்த அம்மா எழுந்து உட்கார்ந்து, "நான் போவணும்" என்றாள்.

பாஸ்டர் பக்கத்தில் உட்கார்ந்து பொறுமையாகச் சொன்னார். "பொண்ணு இங்கதாம்மா வரப் போவுது. நீங்க அங்க போய் இன்னா செய்யப் போறீங்க?"

"குளிப்பாட்டணும்."

"அதெல்லாம் அங்கியே செஞ்சி அனுப்புவாங்கமா."

"யாரு?" என்று கேட்டாள் அம்மா.

 எங்கள் தெருவில் துபாயிலிருந்து ஒரு பையன் அப்படித்தான் வந்தான். பெட்டியை மூடி ஒட்டி அனுப்பியிருந்தார்கள். முகத்துக்கு நேராக ஒரு கண்ணாடி. அவன் அம்மா அந்தக் கண்ணாடியைத்தான் தடவிக்கொண்டிருந்தாள். திறக்கக் கூடாது என்று கூட வந்தவர்கள் சொல்லிவிட்டார்கள். எங்களில் வீட்டுப் பெண்கள்தான் குளிப்பாட்டித் தலை வாரி உடுத்திவிடுவார்கள். அந்தப் பையனுக்கு அது இல்லாமல் போனது. அம்மா அன்றைக்கு அங்கே இருந்தாள்.

"பொட்டியில வந்தா எவனும் என்னத் தொட உடமாட்டான்" என்றாள். "அத எவளோ ஒருத்தி தண்ணி ஊத்தித் தொடச்சி அனுப்புவா. நான் பெத்தது. நான் ஊத்தறேன்."

டிக்கெட்டை அப்படியே விட்டுவிட்டேன். எனக்கு வேறொரு பயம் இருந்தது. உடம்பு சரியில்லாத மகளைப் பார்க்கத்தான் விசா கொடுத்திருந்தார்கள். இப்போது மகளே இல்லை. அங்கே கேட்டால் என்ன சொல்வது, திருப்பி அனுப்பிவிடுவார்களா என்று யாருக்கும் தெரியவில்லை. மலையாளப் பெண்ணுக்கும் தெரியவில்லை. விமான நிலையத்தில் அம்மாவிடம், கேட்டால் உள்ளதைச் சொல்லிவிடு, மனிதர்கள்தானே, புரிந்துகொள்வார்கள் என்றேன். சரி என்றாள். பையிலிருந்து கருவாட்டையும் ஊறுகாயையும் அவளே எடுத்து அத்தையிடம் கொடுத்திருந்தாள். அந்த இடத்தில் சீயக்காய், தேங்காய் எண்ணெய், ஒரு சீப்பு. தங்கை முதல் சம்பளத்தில் எடுத்துவிட்டு, ஊருக்கு வரும்போது கட்டிக்கொள்கிறேன் என்று எங்களிடம் விட்டுப்போன நீலப் பட்டுப்புடவை. அதற்குப் பொருத்தமான பாவாடைக்கு நாடா கோத்து வைத்திருந்தாள்.

போய்ச் சேர்ந்த செய்திக்காக மில்லுக்குப் போகாமல் வீட்டிலேயே இருந்தேன். விமானம் இறங்கி வெகுநேரம் ஆகியும் போன் வரவில்லை. திருப்பி அனுப்பிவிட்டார்கள் என்றே முடிவு செய்துவிட்டேன். பிறகு மலையாளப் பெண்ணின் எண்ணிலிருந்து அம்மா கூப்பிட்டாள்.

"ஏம்மா இவ்ளோ நேரம்?"

"வெரலு வுழுவலன்னு தனியா குந்த வெச்சிட்டாங்க. அப்பறம் போன்ல தமிழ் பேசற ஒரு பொம்பளயப் புடிச்சிக் குடுத்தாங்க. எதுக்கு வந்தன்னு கேட்டாங்க. பொண்ணப் பாக்க வந்தேன்னு சொன்னேன்."

"அப்பறம்?"

"பொண்ணு எங்கன்னு கேட்டாங்க. ஆஸ்பத்திரிலன்னு சொன்னேன்."

நான் போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"பொய்யி இல்லடா. அங்கதான வெச்சிக்கினு கீறாங்க" என்றாள். "அந்த ஆபீசரு டாக்டர் லெட்டரப் படிச்சிட்டு முத்திர குத்திட்டாரு. சீக்கிரம் நல்லாயிடும், கவலப்படாதீங்கன்னு அந்தப் பொம்பளய உட்டு சொல்லச் சொன்னாரு."

"நீ இன்னா சொன்ன?"

"இன்னாத்தச் சொல்றது. தேங்க்ஸ்னு சொன்னேன்" என்றாள். "அவரு சொன்னப்போ ஒரு நிமிசம் எனக்கே அப்டித்தான்டா தோணிச்சி."